குறைந்த செலவில் இயற்கை வள முதுநிலைப் பட்டம்: நான்கு வழிகளின் ஒப்பீடு

காடு, காட்டுயிர், நீர்நிலை, மீன்வளம், மேய்ச்சல் நிலம் ஆகியவற்றைப் பேணும் துறையில் முதுநிலைப் பட்டம் பெற விரும்பும் ஒருவர் பெரும்பாலும் முதலில் தேடுவது, ஓராண்டுக் கல்விக்கட்டணம் எவ்வளவு என்பதைத்தான். அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு படிப்புகளை மலிவானவை, விலை கூடியவை என்று வரிசைப்படுத்தினால் தவறான முடிவுக்கே போய்ச் சேருவோம். கட்டணத்தோடு தங்கும் செலவு, படிக்கும் காலத்தில் இழக்கும் சம்பளம், களப்பணிக்கான பயணமும் கருவிகளும், படிப்பு குறித்த காலத்தில் முடியாமல் இழுத்தால் கூடும் மாதங்கள் ஆகிய எல்லாவற்றையும் கூட்டியபின் வருவதே உண்மையான செலவு. இத்துறையில் தொடக்கச் சம்பளம் பெரிதல்ல. நிரந்தர வேலை அமையும்வரை தற்காலிகக் களப்பணியாளராகக் காலம் கழிப்போரும் பலர். வணிக மேலாண்மை படித்தவர் சில ஆண்டுகளில் அடைத்துவிடும் அதே கடன், ஒரு காட்டுயிர் ஆய்வாளரின் கழுத்தைப் பத்தாண்டு வரை நெரிக்கக்கூடும் என்பதால் இந்தக் கூட்டல் இங்கே கூடுதல் கவனம் கேட்கிறது.

ஒப்பிடத்தக்க வழிகள் நான்கு. ஆய்வு உதவியாளராகச் சேர்ந்து ஊதியம் பெற்றுக்கொண்டே ஆய்வேடு எழுதுவது ஒன்று. கட்டணம் கட்டி, பாடங்களை மையமாகக் கொண்ட தொழில்முறைப் பட்டத்தை நேரில் படிப்பது மற்றொன்று. வேலையில் இருந்தபடி ஆன்லைனில் படிப்பது மூன்றாவது. கட்டணமே வாங்காத, அல்லது மிகக் குறைவாக வாங்கும் ஐரோப்பிய அரசுப் பல்கலைக்கழகங்களையும் கூட்டுப் பட்டத் திட்டங்களையும் நாடுவது நான்காவது.

முதல் வழியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் விண்ணப்பிப்போரில் பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரிவதில்லை. அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் காட்டுயிர், மீன்வளம், வனவியல் துறைகளில் ஆய்வேட்டுடன் கூடிய முதுநிலைப் பட்டம் படிப்போரில் கணிசமானோர் ஒரு பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்தில் பணியாளர்களாகவும் இருக்கிறார்கள். வாரத்துக்கு ஏறத்தாழ 20 மணி நேரம் ஆய்விலோ கற்பித்தலிலோ உதவுவதற்கு ஈடாக மாத ஊதியம் கிடைக்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலும் கல்விக்கட்டணமும் முழுமையாகவோ பெருமளவிலோ தள்ளுபடியாகிறது. இதற்கான பணம் மாநிலக் காட்டுயிர்த் துறை, மத்திய நிலவியல் துறை, தனியார் அறக்கட்டளை போன்றவை குறிப்பிட்ட ஓர் உயிரினத்தைப் பற்றியோ ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியைப் பற்றியோ விடை தேடிப் பேராசிரியருக்கு அளிக்கும் நிதியிலிருந்து வருகிறது. அமெரிக்காவில் 1935 முதல் இயங்கிவரும் கூட்டுறவு மீன், காட்டுயிர் ஆய்வு அலகுகள் இந்த ஏற்பாட்டின் தெளிவான வடிவம். மத்திய அரசும் மாநிலக் காட்டுயிர்த் துறையும் பல்கலைக்கழகமும் கைகோத்து நடத்தும் இந்த அலகுகளில் மாணவர் எழுதும் ஆய்வேடு, அரசுத் துறை ஒன்று எடுக்கவேண்டிய முடிவுக்கு நேராகப் பயன்படுகிறது. படிப்பு முடியும்போது அந்தத் துறையின் அலுவலர்கள் மாணவரைப் பெயர் சொல்லி அறிந்திருப்பார்கள்.

இங்கே சேரும் முறையும் வேறு. விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் இந்த இடங்கள் கிடைப்பதில்லை. சேரவேண்டிய கல்வியாண்டுக்கு ஏறத்தாழ ஓராண்டு முன்னரே பேராசிரியருக்கு நேரடியாகக் கடிதம் எழுதி, அவருடைய திட்டத்துக்குத் தான் ஏன் பொருத்தமானவர் என்று காட்டவேண்டும். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் நடத்தும் இயற்கை வள வேலைவாய்ப்புத் தளத்தில் இத்தகைய உதவியாளர் இடங்கள் வேலை விளம்பரங்களைப் போலவே அறிவிக்கப்படுகின்றன. பேராசிரியர் ஒருவர் ஏற்றுக்கொண்ட பிறகே பல்கலைக்கழக விண்ணப்பம் பொருளுடையதாகிறது. வரிசை மாறிச் செய்பவர்கள் விண்ணப்பக் கட்டணத்தையும் ஓராண்டையும் சேர்த்தே இழக்கிறார்கள்.

இதன் குறைகளையும் மறைக்கக் கூடாது. ஆய்வுப் பொருள் உங்களுடையதாக இராது; நிதி தவளைக்கு வந்திருந்தால் தவளையைத்தான் ஆராயவேண்டும். தள்ளுபடி கல்விக்கட்டணத்துக்கு மட்டுமே என்பதால், கட்டாயக் கட்டணங்கள் என்ற பெயரில் ஒவ்வொரு கல்விப் பருவத்திலும் (செமஸ்டர்) வசூலிக்கப்படும் தொகை பல இடங்களில் மாணவரின் தலையில் விழுகிறது. ஊதியம் ஒன்பது மாதத்துக்கா பன்னிரண்டு மாதத்துக்கா என்ற வேறுபாடும் சிறியதல்ல, ஏனெனில் களப்பணி உச்சத்தில் இருக்கும் கோடையில்தான் ஒன்பது மாத ஊதியம் நின்றுபோகும். இரண்டு ஆண்டு என்று தொடங்கும் ஆய்வு, மழை பொய்த்தாலோ இனப்பெருக்கக் காலம் தவறினாலோ மூன்றாம் ஆண்டுக்குள் நுழையும். நிதி மட்டும் இரண்டாம் ஆண்டோடு முடிந்துவிடும்.

இதற்கு நேரெதிரில் நிற்பது கட்டணம் கட்டிப் படிக்கும் தொழில்முறைப் பட்டம். 1900-இல் வனவியல் பள்ளியாகத் தொடங்கி 2020-இல் சுற்றுச்சூழல் பள்ளி என்று பெயர் மாறிய யேல் பல்கலைக்கழகப் பள்ளியிலிருந்து, இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் 1989-இல் உருவான டரல் இயற்கைக் காப்பியல் நிறுவனம் வரை புகழ்பெற்ற பெயர்கள் பல இந்த வரிசையில் உண்டு. கொள்கை, பொருளியல், சமூகவியல், மேலாண்மை ஆகியவற்றை இணைத்துப் படிக்க விரும்புவோருக்கு, ஒற்றை உயிரினத்தில் இரண்டு ஆண்டு ஆழும் ஆய்வேட்டைவிட இது பொருத்தம். உடன் படிப்போர் பல நாடுகளிலிருந்து வருவதால் பின்னாளில் அமையும் தொழில் தொடர்புகளும் மதிப்புள்ளவை. ஆனால் பணத்தை மட்டும் கணக்கிட்டால், பெரிய உதவித்தொகை இல்லாத நிலையில் இரண்டு ஆண்டுத் தொழில்முறைப் பட்டமே நான்கிலும் அதிகச் செலவு பிடிப்பது.

இந்த வழிக்குள்ளேயே ஓர் உள் ஒப்பீடு இருக்கிறது. பிரிட்டனில் முழுநேர முதுநிலைப் பட்டம் 180 அலகுகள் (படிப்பின் அளவைக் கணக்கிடும் கிரெடிட்) கொண்டது, ஓராண்டில் முடிவது. ஐரோப்பாவின் பிற பகுதிகளில் வழக்கமான இரண்டு ஆண்டுப் பட்டம் 120 ஐரோப்பிய அலகுகள். பிரிட்டன் பட்டம் அந்தக் கணக்கில் 90. வெளிநாட்டு மாணவருக்கு பிரிட்டனில் ஓராண்டுக் கட்டணம் மலைப்பூட்டினாலும், இரண்டாம் ஆண்டின் வாடகையும் உணவும் இல்லை, சம்பள இழப்பும் ஓராண்டோடு நிற்கிறது. ஏற்கெனவே நல்ல சம்பளத்தில் இருப்பவருக்கு அந்த ஓராண்டு கணக்கையே புரட்டிப்போடலாம். மறுபுறம், ஓராண்டுப் படிப்பின் ஆய்வேடு சில மாதக் கோடை வேலை மட்டுமே. முழு இனப்பெருக்கப் பருவத்தையோ இரண்டு மழைக்காலத்தையோ களத்தில் பார்க்க அதில் இடமில்லை.

அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகங்களில் மாநிலத்தவருக்கும் வெளியாருக்கும் கட்டணம் பெரிதும் வேறுபடுவதையும் இங்கேயே குறிப்பிட்டுவிடலாம். மேற்கு மாநிலங்களுக்கு இடையே இயங்கும் வட்டார முதுநிலைத் திட்டம், அண்டை மாநிலத்தவருக்கும் குறைந்த கட்டணத்தில் இடம் தருகிறது. தென்மாநிலங்களிலும் இதையொத்த ஓர் ஏற்பாடு உண்டு. அந்த மாநிலங்களின் வாசிகளுக்கு மட்டுமே இது பொருந்தும். வெளிநாட்டு மாணவருக்கு உதவாது.

ஆன்லைன் வழியின் பெரும்பலம் கட்டணத்தில் இல்லை. சம்பளம் நிற்காமல் தொடர்வதில் இருக்கிறது. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம், வர்ஜீனியா டெக், கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் ஆகியவை இயற்கை வளத் துறையில் ஆன்லைன் முதுநிலைப் பட்டங்களை நடத்துகின்றன. ஓரிகன் ஆன்லைன் படிப்புக்கு மாணவர் எந்த ஊரில் இருந்தாலும் ஒரே கட்டணம் என்பதால், நேரில் சேர்ந்திருந்தால் வெளியாருக்குரிய உயர்ந்த கட்டணம் கட்டவேண்டியவருக்கு இது தெளிவான ஆதாயம். வனத்துறையிலோ தொண்டு நிறுவனத்திலோ ஏற்கெனவே பணியில் இருந்து, பதவி உயர்வுக்குப் பட்டம் மட்டுமே தடையாக நிற்பவருக்கு நான்கிலும் இதையே முதலில் பரிந்துரைப்பேன். களம் அவருக்கு அன்றாட வேலையாகவே இருக்கிறது; குறையாக இருப்பது புள்ளியியலும் கொள்கையும் புவியியல் தகவல் முறைமையும்தான், அவை திரையில் நன்றாகவே கற்பிக்கப்படுகின்றன.

வேறு துறையிலிருந்து புதிதாக நுழைபவருக்கு இதே படிப்பு போதாமல் போகலாம். அமெரிக்க மத்திய அரசின் காட்டுயிர் உயிரியலாளர் பணிக்குக் கல்வித் தகுதியின் வழியே விண்ணப்பிப்பவரிடம், பட்டத்தின் பெயரோடு பாடவாரியான கணக்கும் கேட்கப்படுகிறது: காட்டுயிர்ப் பாடங்களில் 9 செமஸ்டர் அலகுகள், விலங்கியலில் 12, தாவர அறிவியலில் 9. மேலாண்மையையும் தலைமைப் பண்பையும் முதன்மையாகக் கொண்ட ஒரு முதுநிலைப் பட்டம் இந்த எண்களில் ஒன்றைக்கூட நிரப்பாமல் முடியக்கூடும். வனவியலாளர் பணிக்கும் இதுபோலவே தனிக் கணக்கு உண்டு. ஆகவே சேரவிருக்கும் படிப்பின் பாடப்பட்டியலையும் போகவிரும்பும் வேலையின் தகுதிப் பட்டியலையும் அருகருகே வைத்துச் சரிபார்க்காமல் முன்பணம் கட்டுவது பெரும் பிழை. ஆய்வேடு இல்லாத பட்டத்தோடு பின்னாளில் முனைவர் பட்டத்துக்கு முயல்வதும் கடினம் என்பதை இதோடு சேர்த்து எண்ணிப்பார்க்க வேண்டும்.

நான்காவது வழியில்தான் பழைய தகவல்கள் அதிகம் ஏமாற்றுகின்றன. ஐரோப்பாவில் கல்வி இலவசம் என்று படித்துவிட்டுத் திட்டமிடுவோர் ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்கு ஸ்வீடன் 2011 முதலும், பின்லாந்து 2017 முதலும், நார்வே 2023 முதலும் கட்டணம் வசூலிக்கின்றன. ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள் இன்னும் கட்டணம் வாங்குவதில்லை, ஆனால் அங்கும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு உண்டு. வனவியலுக்குப் பெயர்பெற்ற ஃப்ரைபர்க் அமைந்துள்ள பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து முதுநிலைப் படிப்புகளுக்குப் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ என்று நிர்ணயித்துள்ளது. நான்கு பருவப் படிப்புக்கு முன்னது 6,000 யூரோ, பின்னது குறைந்தது 16,000. கட்டணம் வாங்காத கோட்டிங்கன் போன்ற இடத்தில் அதே நான்கு பருவமும், மாணவர் எல்லோரும் கட்டும் சிறிய பருவப் பங்களிப்புத் தொகையோடு முடிந்துவிடும்.

கட்டணம் இல்லை என்பதால் கையில் பணமின்றிப் போய்விட முடியாது. ஜெர்மன் விசாவுக்காக முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் ஓராண்டுக்கு 11,904 யூரோ வைத்துக்காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பரிலிருந்து உள்ள நிலை. மாதந்தோறும் மாணவரின் கைக்கே திரும்பும் பணம்தான் அது என்றாலும், முதல் நாளிலேயே மொத்தமாகத் திரட்டவேண்டியிருப்பதால், குறைந்த வருவாயுள்ள குடும்பத்துக்கு இதுவே உண்மையான தடையாக நிற்கிறது. பணி அனுபவம் உள்ளவர்கள் ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையின் வளர்ச்சி சார்ந்த உதவித்தொகையை முயலலாம். இளங்கலைக்குப் பின் பொதுவாக இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கப்படுகிறது. 1811-இலிருந்து வனவியல் கற்பித்துவரும் தாரண்ட்டில், டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நடத்தும் வெப்பமண்டல வனவியல் பட்டம் அந்த உதவித்தொகைக்குரிய படிப்புகளின் பட்டியலில் பல ஆண்டுகளாக இடம்பெற்றுவந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டுப் பட்டங்களில் உதவித்தொகை கிடைத்தால், பணக்கணக்கில் அதை மிஞ்சும் முதுநிலைப் படிப்பு அரிது. 2021 முதல் 2027 வரையிலான திட்டக் காலத்தில் மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம், கல்விக்கட்டணம் இல்லை. ஆனால் பயணமும் விசாவும் அந்த 1,400-க்குள்தான் அடங்கவேண்டும். குறைந்தது இரண்டு நாடுகளில் படிப்பதால் வீடு மாற்றும் செலவு மீண்டும் மீண்டும் வரும். போட்டி மிகக் கடுமை. உதவித்தொகை இல்லாமல் இடம் மட்டும் கிடைத்தால், சொந்தச் செலவில் போவதற்கு முன் ஜெர்மனியின் கட்டணமில்லாப் படிப்புகளோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

என் தீர்ப்பு இது. ஆய்வாளராகவோ அரசுத் துறை உயிரியலாளராகவோ ஆக விரும்பும் இளைஞருக்கு, ஊதியத்தோடு கூடிய ஆய்வேட்டு இடம், அதிகம் அறியப்படாத பல்கலைக்கழகத்தில் கிடைத்தாலும், புகழ்பெற்ற பள்ளியில் கடன் வாங்கிப் படிப்பதைவிடச் சிறந்தது. இத்துறையில் வேலைக்கு எடுப்பவர்கள் பள்ளியின் பெயரைப் பார்ப்பதற்கு இணையாக, யாரிடம் பயின்றார், எத்தனை பருவம் களத்தில் இருந்தார், தரவைப் பகுத்தாயத் தெரியுமா என்பதையும் கேட்கிறார்கள். அந்த இடம் கிடைக்காதவருக்கு ஜெர்மனி அடுத்தது. கொள்கைப் பணியில் உறுதியான நாட்டமுள்ளவருக்கு மட்டுமே, அதுவும் கட்டணத்தின் பெரும்பகுதி உதவித்தொகையால் ஈடாகும்போது, நேரடித் தொழில்முறைப் பட்டத்தைச் சொல்வேன்.

அமெரிக்காவில் நிதியுதவியோடு இடம் வழங்கும் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை, ஏப்ரல் 15 வரை மாணவருக்கு முடிவெடுக்கக் காலம் தரும் பொது உடன்பாட்டை ஏற்றவை. அதற்கு முன்பே ஒப்புதல் கேட்டு அவசரப்படுத்தும் கடிதம் வந்தால் பதறத் தேவையில்லை. அந்த நாட்களை, உங்களை ஏற்றுக்கொண்ட பேராசிரியரிடம் இப்போது பயிலும் மாணவர்களில் இருவரைத் தனித்தனியே கேட்பதற்குப் பயன்படுத்த வேண்டும்: ஊதியம் எத்தனை மாதம் வருகிறது, கட்டாயக் கட்டணம் பருவத்துக்கு எவ்வளவு, களவாகன எரிபொருளை யார் கொடுக்கிறார்கள், முன்பு பயின்றவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், நிதி தீர்ந்தபின் முடிக்காமல் நின்றவர்கள் என்ன செய்தார்கள்.