காட்பாடி சீசன் டிக்கெட்டா, சென்னையில் வாடகை வீடா?

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்திலிருந்து சென்னையில் முதல் வேலை கிடைத்துப் போகிற பிள்ளைகள் கேட்பது இதைத்தான்: தினமும் ரயிலில் போய் வரலாமா, அங்கேயே தங்கிவிடலாமா? வாடகையை அப்புறம் பாருங்கள், முதலில் ஆபீஸ் எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

செலவு குறைவில் ரயிலை எதுவும் மிஞ்ச முடியாது. காட்பாடியிலிருந்து சென்ட்ரல் சுமார் 130 கிலோமீட்டர், சீசன் டிக்கெட்டின் 150 கிலோமீட்டர் வரம்புக்குள் வந்துவிடுகிறது. ஆனால் வேலை ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) என்றால் சென்ட்ரலில் இறங்கி, பூங்கா நகருக்கு நடந்து, பறக்கும் ரயிலில் தரமணி போய், அங்கிருந்து பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடித்து என்று போக வர ஏழு மணி நேரமாவது ஓடிவிடும். இதை வருஷக்கணக்கில் செய்யச் சொல்ல எனக்கு மனசு வராது. அரக்கோணத்துக்காரர்கள் கதை வேறு. தூரம் பாதிதான், மின்சார ரயில் இருக்கிறது, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை என்றால் வீடே எடுக்க வேண்டாம்.

பி.ஜி.யில், அதாவது மாதக் கட்டண விடுதியில், ஒரு பெட்டியோடு போய்ச் சேர்ந்துவிடலாம், கட்டில், சாப்பாடு எல்லாம் இருக்கும். ஒரே அறையில் மூன்று பேர் என்பதால் நைட் ஷிப்டுக்காரர்களுக்குத் தூக்கம்தான் கஷ்டம். பெண்கள், வேலைக்குப் போகிறவர்களுக்கென அரசு நடத்தும் தோழி விடுதிகளையும் பாருங்கள், தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் இருக்கின்றன.

நண்பர்கள் சேர்ந்து வீடு எடுத்தால் மாதச் செலவு தலைக்குக் குறையும். சிக்கல் நுழைவதில்தான். வாடகை 15,000 என்றால் பழைய வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் 1,50,000, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு இன்னொரு மாதம் பிடித்துக்கொள்வார்கள். கரண்டுக்கு சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று தனிக்கணக்கு. இன்னும் முதல் சம்பளமே வாங்காத பையனுக்கு இந்தப் பணம் எங்கிருந்து வரும்? ஊரில் அம்மாவின் வளையல்தான் அடகுக்குப் போகிறது. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் தவிர, குடியிருக்கும் வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. இதைத் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள். எல்லா ஓனரும் இறங்கி வரமாட்டார்கள், ஆனாலும் பத்து ஐந்தாகக் குறைய வாய்ப்பு உண்டு.

என்னைக் கேட்டால், ஓ.எம்.ஆர். வேலைக்கு முதல் ஆறு மாதம் பி.ஜி., அதற்குள் அட்வான்ஸுக்குச் சேர்த்துக்கொண்டு, ஒத்துப்போகிற ஆட்களோடு வீடு. ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்துகொள்ளுங்கள்.