குடியை விட நினைப்பவருக்கு எந்தக் கூட்டம்? ஏஏ, மருத்துவமனைக் குழு, ஆன்லைன், சாமி மாலை

தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடை மதியம் 12 மணிக்குத் திறந்து இரவு 10-க்கு மூடுகிறது. குடிப்பவர் பலர் தடுக்கி விழுவது வேலை முடிந்து கிளம்பும் நேரத்துக்கும் கடை சாத்தும் நேரத்துக்கும் நடுவில்தான். அதனால் உதவிக் குழுக்களை ஒப்பிடும்போது நான் முதலில் கேட்பது, அந்த நேரத்தில் போய் உட்கார இடம் தருவது எது என்றுதான். கொள்கை, பெயர், கட்டடம் எல்லாம் அப்புறம்.

இந்தக் கணக்கில் ஏஏ என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் முந்துகிறது. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியை விட்டுக்கொண்டிருந்த ஒரு பங்குச் சந்தை ஆளும் ஒரு டாக்டரும் தொடங்கியது. இந்தியாவில் 1957-லிருந்து இருக்கிறது. கூட்டங்கள் பெரும்பாலும் மாலையில், ஏதாவது சர்ச் ஹாலிலோ பள்ளிக்கூட அறையிலோ நடக்கும். கட்டணம் இல்லை, ஆதார் கேட்பதில்லை, முழுப்பெயர்கூடத் தேவையில்லை. கடைசியில் உண்டியல் சுற்றி வரும். போடாவிட்டாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவராக எழுந்து பெயரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று ஆரம்பித்துத் தன் கதையைப் பேசுவார். புத்திமதி கிடையாது. வீட்டில் மனைவியிடம், மாமனாரிடம், ஊர்ப் பெரியவரிடம் புத்திமதி கேட்டே காது புளித்தவருக்கு இதுவே பெரிய ஆறுதல். கொஞ்ச நாளில் ஒரு ஸ்பான்சர் கிடைப்பார். கை நமநமக்கும்போது போன் போட ஒரு பழைய ஆள்.

குறை இல்லாமல் இல்லை. குடியிலிருந்து மீள ஏஏ வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் கடவுள் அடிக்கடி வருவார். “நாம் புரிந்துகொண்ட கடவுள்” என்று தளர்த்திச் சொன்னாலும், கறுப்புச் சட்டைக்காரருக்கு முதல் நாளே உறுத்தும். குழுவுக்குக் குழு வாடை மாறும் என்பதால் ஒன்று ஒட்டாவிட்டால் பக்கத்துப் பேட்டைக் குழுவைப் பார்க்கலாம். பலன் உண்டா என்றால், 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளிவந்த, மருத்துவ ஆய்வுகளை அலசும் கோக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு சாதகமாகவே சொல்கிறது: ஏஏ-வில் ஈடுபடுத்துவதற்கென்றே முறையாக வகுத்த சிகிச்சை, ஆளைத் தொடர்ந்து குடிக்காமல் வைத்திருப்பதில் மற்ற சிகிச்சைகளைவிட ஒரு படி மேல்.

மருத்துவமனைக் குழுவின் பலம் வேறு. சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய அமைப்பு சென்னை இந்திரா நகரில் நடத்தும் டி.டி.கே. போதை மீட்பு மருத்துவமனையும், அரசு மருத்துவக் கல்லூரிகளின் மனநலப் பிரிவுகளும் இந்த வகை. டாக்டர், மாத்திரை, கவுன்சிலர், குடும்பத்தாருக்குத் தனி ஆலோசனை எல்லாம் ஒரே கூரையில். ஆனால் அரசு ஆஸ்பத்திரி புறநோயாளிப் பிரிவு பெரும்பாலும் காலையில்தான். தினக்கூலிக்காரருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சம்பளம் போகும். மாலை ஏழு மணிக்கு அங்கே கதவைத் தட்ட முடியாது.

அப்படியென்றால் ஏஏ போதுமா? எழுந்ததும் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கிறது என்கிற நிலையில் இருப்பவருக்குப் போதவே போதாது. அவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் ஆள் தெரியாமல் பிதற்றலாம். உயிரே போகவும் கூடும். அவருக்கு முதலில் ஆஸ்பத்திரிப் படுக்கை, பிறகுதான் கூட்டம். அந்த ஒரு வாரத்தைக் கடந்துவிட்டால், மாலை நேரத்தைக் காப்பாற்ற ஏஏ-வைத்தான் நான் சொல்வேன். மாத்திரையை நிறுத்தாமலே கூட்டத்துக்கும் போகலாம்.

சட்டென்று நிறுத்துவதால் வரும் இதே ஆபத்து, சாமிக்கு மாலை போட்ட அன்றே குடியை நிறுத்துபவருக்கும் உண்டு. நம் ஊரில் அதிகம் பேர் எடுக்கும் முதல் முயற்சி ஏஏ அல்ல, மாலை போடுவதோ கோயிலில் கயிறு கட்டுவதோதான். ஒரு மண்டலம் ஊரே ‘சாமி’ என்று கூப்பிடும். கூட விரதம் இருக்க ஆட்கள். காலை மாலை பூஜை. நல்ல உதவிக் குழுவுக்கு வேண்டிய அத்தனையும் அதில் இருக்கிறது, மாலையைக் கழற்றும் நாள் வரை. மலையிலிருந்து இறங்கிய அன்றே பாட்டில் திறப்பவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். விரத காலத்திலேயே ஒரு கூட்டத்துக்கும் போய்ப் பழகிவிட்டால், கழற்றிய மறுநாளும் போக ஓர் இடம் இருக்கும்.

ஆன்லைன் கூட்டத்தை நான் இரண்டு பேருக்குத்தான் சிபாரிசு செய்வேன்: வளைகுடாவில் கேம்ப் அறையில் இருப்பவர், ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் பேசத் தயங்கும் பெண். மற்றவர்களுக்கு அது எளிதில் நழுவும். கேமராவை அணைத்துவிட்டுக் குடித்துக்கொண்டே கேட்கலாம். ஹாலில் அடுத்த நாற்காலிக்காரருக்கு வாடை தெரிந்துவிடும்.

ஆளை வண்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு போகும் சில ‘மறுவாழ்வு இல்லங்கள்’ இந்த ஒப்பீட்டிலேயே வராது. 2017 மனநலச் சட்டப்படி பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள்; மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள்.

தேடத் தொடங்க எளிய வழி, மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பக்கத்து ஏஏ கூட்டம் எங்கே என்று விசாரிப்பது. 14446 போதை மீட்பு உதவி எண். 14416 டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். குடிப்பவர் வர மறுத்தால், மனைவியோ அம்மாவோ அல்-அனான் கூட்டத்துக்குப் போகலாம். அது குடிப்பவரின் குடும்பத்தாருக்கானது, அவர் குடியை விட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை.