ஒன்றரை டன் பிக்கப், ஆறு வருஷம்: எனக்குப் பிடித்ததும் இடித்ததும்

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊரில் யார் வண்டி எடுக்கப் போனாலும், "பொலேரோ பிக்கப் எப்படிண்ணா?" என்று என்னிடம் வந்து கேட்பார்கள். ஆறு வருஷமாக ஓட்டுகிறேன், நல்ல வண்டிதான். ஆனால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "தினமும் என்ன ஏத்தப் போறே?"

நான் அதை யோசிக்கவில்லை. மாங்காய் சீசனை மனசில் வைத்து ஒன்றரை டன் வண்டி எடுத்தேன். சித்திரையில் தொடங்கி ஆடி வரைக்கும் பெங்களூரா காயைக் காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் தொழிற்சாலைகளுக்கு அடிப்போம். கேட் வாசலில் ராத்திரி முழுக்க வரிசையில் கிடந்ததும் உண்டு. அந்த நாலு மாசம் வண்டி சும்மா நிற்காது. மீதி எட்டு மாசம் தக்காளிதான். 25 கிலோ பெட்டி முப்பது வைத்தால் 750 கிலோ, தொட்டியில் பாதி காலி. டீசல் போடும்போதுதான் வலி தெரியும்.

மச்சான் ஓசூரில் பூ ஏற்றுகிறான். அவனிடம் இருப்பது குட்டியானை, அதாவது டாடா ஏஸ். 2005இல் வந்தபோது இரண்டு சிலிண்டர், 702 சிசி இன்ஜின், முக்கால் டன் லோடு; அந்தக் கணக்குக்குத்தான் அது செய்யப்பட்டது. ரோஜாக் கட்டு இடத்தை அடைக்குமே தவிர கனக்காது. மார்க்கெட் சந்தில் நான் மூன்று தடவை முன்னும் பின்னும் எடுக்கிற இடத்தில் அவன் ஒரே ஒடிப்பில் திருப்பிவிடுவான். ஆனால் முழு லோடோடு சேலத்திலிருந்து தொப்பூர் மேடு ஏறச் சொன்னால் கும்பிடு போடுவான்.

பெரியப்பா மாட்டுத்தீவனம் ஏற்ற அசோக் லேலண்ட் தோஸ்த் வைத்திருக்கிறார். ஒன்றேகால் டன், மூன்று சிலிண்டர். "ஓசூர்ல செய்யுற வண்டிடா, நம்ம ஊர் வண்டி" என்பார். அவர் எடுத்ததற்கு அதுவே பாதிக் காரணம் என்று நினைக்கிறேன்.

என் வண்டிக்கு வந்த பெரிய செலவு என் பேராசையால் வந்தது. ஒரு சீசனில் இரண்டு டன்னுக்கு மேல் ஏற்றி, ராயக்கோட்டை தாண்டியதும் பின்பக்க ஸ்பிரிங்கின் மெயின் பட்டை உடைந்தது. காய் அத்தனையையும் ரோட்டோரம் இறக்கி வேறு வண்டிக்கு மாற்றினோம். அப்புறம் அளவு மீறி ஏற்றுவதில்லை.

காலி வண்டிக்கும் ஒரு குணம் உண்டு. மழையில் அஞ்செட்டி மலைப்பாதை ஏறினால் பின்சக்கரம் வழுக்கிச் சுற்றும். பின்பக்கம் கனம் இல்லையே! இரண்டு மணல் மூட்டை போட்டுக்கொண்டுதான் போவேன்.

தக்காளி ஏற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நசுங்கின பழத்துச் சாறு தொட்டித் தகட்டின் இணைப்பில் தங்கினால் அங்கேதான் துரு பிடிக்கும். சாயங்காலம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பின்கதவைத் திறந்து போட்டு உலர விடுகிறேன். ரப்பர் மேட் விரித்தாலும் அடியில் ஈரம் நிற்கும், தூக்கிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வண்டி எடுத்தால் குட்டியானைதான் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். பழையதை எப்போது கொடுக்கப் போகிறாய் என்று கேட்கிறார்கள். சித்திரை வரட்டும், பார்க்கலாம்.