தென் வீ கேம் டு தி எண்ட்: ஒரு ஆபீஸே சேர்ந்து சொல்லும் கதை

அமெரிக்க எழுத்தாளர் ஜோஷுவா ஃபெரிஸின் இந்த ஆங்கில நாவலில் (Then We Came to the End) கதை சொல்வது ஒரு ஆள் இல்லை. சிகாகோவில் ஒரு விளம்பரக் கம்பெனி, அதில் வேலை பார்ப்பவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து ‘நாங்கள்’ என்றே பேசுகிறார்கள். யார் யாரோடு சுற்றுகிறார், மீட்டிங்கில் யார் என்ன உளறினார், அடுத்து யார் சீட்டு கிழியும் என எல்லாமே காபி குடிக்கும் இடத்தில் காதில் விழுந்த மாதிரிதான் நமக்கு வந்து சேர்கிறது. ஒருவர் பாதி சொல்ல, இன்னொருவர் திருத்த, மூன்றாமவர் வந்து “அது இல்லப்பா நடந்தது” என்பார்.

2007-ல் வந்த முதல் நாவல். அந்த வருடமே அமெரிக்கத் தேசியப் புத்தக விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பிடித்தது, அடுத்த வருடம் பென்/ஹெமிங்வே விருது. ஃபெரிஸ் சிகாகோ விளம்பரத் துறையில் வேலை பார்த்தவர். அந்த அனுபவம் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. டாட்காம் எனப்படும் இணையக் கம்பெனிகளால் பணம் கொழித்த தொண்ணூறுகளின் முடிவில் நன்றாகச் சம்பாதித்தவர்கள், 2001-ல் ஒவ்வொருவராக வெளியே அனுப்பப்படுகிறார்கள். வேலை குறையக் குறைய வம்பு கூடுகிறது. இந்தக் கணக்கை இவ்வளவு துல்லியமாகப் போட்ட நாவல்கள் குறைவு.

நாற்காலி விவகாரத்தைப் பாருங்கள். ஒருவருக்கு வேலை போனதும் அவர் அறையிலிருக்கும் நல்ல நாற்காலியை மற்றவர்கள் மாற்றி எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். நாற்காலிக்கு அடியில் சீரியல் நம்பர் இருக்கிறது, அதை நிர்வாகம் சரிபார்க்கிறது என்று தெரிந்ததும் கிறிஸ் யாப் என்ற நடுவயதுக்காரருக்குக் கைகால் ஓடவில்லை. அவர் உட்கார்ந்திருப்பது ஏற்கெனவே வேலை போன டாம் மோட்டாவின் நாற்காலி, டாமுக்கோ அது வேறொருவரிடமிருந்து வந்தது. எது யாருடையது என்று யாப் விளக்க விளக்க நமக்குச் சிரிப்பு தாங்காது. பிறகு அவருக்கும் வேலை போகிறது. ஒரு நாற்காலியைக் கழற்றித் துண்டுதுண்டாக மிச்சிகன் ஏரியில் வீசுகிறார். அந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிடும். நாற்காலியைக் காப்பாற்றினால் வேலையையும் காப்பாற்றலாம் என்று நம்பிய மனுஷனின் பயம் மொத்தமும் அந்த இரும்புத் துண்டுகளில் இருக்கிறது.

ஜானின் கோர்ஜான்க் என்ற பெண் வரும் பகுதி இதைவிடக் கனமானது. மகளைக் கொலைக்குப் பறிகொடுத்தவள். மதிய இடைவேளையில் ஒரு மெக்டொனால்ட்ஸுக்குப் போய், குழந்தைகள் குதித்து விளையாடும் பிளாஸ்டிக் பந்துத் தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறாள். கூட வேலை பார்ப்பவர்கள் அதை வேடிக்கை பார்க்கப் போகிறார்கள். ‘நாங்கள்’ என்ற குரல் எவ்வளவு கூசாமல் எட்டிப்பார்க்கும் என்பதை ஃபெரிஸ் மறைக்கவில்லை. ஆனால் அதே ஆட்கள்தான் அவளைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களும்.

கதையின் நடுநரம்பு ஒரு இலவச விளம்பர வேலை. மார்பகப் புற்றுநோய் வந்த பெண்ணைச் சிரிக்க வைக்கும் விளம்பரம் செய்யச் சொல்கிறார்கள். கிளையண்ட் யாரென்றே தெரியவில்லை. மேலதிகாரி லின் மேசனுக்கே அந்த நோய் என்று ஆபீஸ் முழுக்க வதந்தி. அப்படியானால் இந்த வேலை அவருக்காகவேதானா? கேட்க யாருக்கும் துணிவில்லை. ஆளாளுக்கு ஐடியா யோசிக்கிறார்கள், ஒன்றும் தேறவில்லை. நகைச்சுவை ஏன் சில இடத்தில் வேலை செய்யாது என்பதை இவ்வளவு நகைச்சுவையாகச் சொன்னதுதான் இந்த நாவலின் பெரிய சாதனை.

நடுவில் ஒரே ஒரு அத்தியாயத்தில் ‘நாங்கள்’ காணாமல் போகிறது. அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவில் லின், தனியாக, படர்க்கையில். அதுவரை ஆபீஸ் வாசலில் பார்த்து நடுங்கிய மேலதிகாரியை வீட்டுக்குள் வைத்துப் பார்க்கிறோம். அவசர அவசரமாகப் புரட்டக் கூடாத பகுதி. குரல் ஏன் அங்கே மாறியது என்பதற்குக் கடைசியில் பதில் இருக்கிறது.

குறைகள் உண்டு. முதல் ஐம்பது பக்கத்தில் பெயர்கள் மழையாகக் கொட்டும். கதைக்குள் கதை, அதற்குள் இன்னொரு கதை என்று போவதால், யாருடைய சண்டையில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். அங்கேதான் பலர் புத்தகத்தை மூடிவிடுவார்கள். பின்னால் திரும்பித் தேட வேண்டாம். லின், எல்லாரிடமிருந்தும் விலகியே நிற்கும் ஜோ போப், கதை சொல்வதில் கில்லாடியான பென்னி, கம்பெனி போலோ சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று போட்டுக்கொண்டு வரும் டாம் மோட்டா, ஜானின், யாப் ஆகிய ஆறு பேரை மனதில் வைத்தால் போதும். மற்றவர்கள் தானாகவே ஒட்டிக்கொள்வார்கள். கடைசி மூன்றில் ஒரு பங்கில், டாம் திரும்பி வந்து ஏதாவது செய்துவிடுவானோ என்ற பதற்றம் கொஞ்சம் நீட்டப்பட்டிருக்கிறது. கெட்ட வார்த்தைகளும் தாராளம்.

தலைப்பு, அமெரிக்க நாவலாசிரியர் டான் டெலிலோவின் 1971 நாவலான ‘அமெரிக்கானா’வின் முதல் வரியிலிருந்து எடுத்தது. இதைத் தமிழில் கொண்டுவர நினைப்பவருக்கு அந்தத் தலைப்பிலேயே சிக்கல் தொடங்கும். ஆங்கிலத்தில் ‘வீ’ என்பது ஒரே சொல். கேட்பவரைச் சேர்த்துக்கொண்டதா, வெளியே நிறுத்தியதா என்று அது சொல்லாது. தமிழ் அப்படி விடாது, ‘நாங்கள்’ வேறு, ‘நாம்’ வேறு. இந்த ஆபீஸ் கும்பல் யாரையும் எளிதில் உள்ளே விடுவதில்லை. ஜோ போப்பைக்கூடச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதனால் பக்கத்துக்குப் பக்கம் ‘நாங்கள்’ என்றுதான் எழுத வேண்டிவரும். ஒவ்வொருவராக விடைபெற்றுப் போய், பேசும் குரலும் வாசிப்பவரும் மட்டும் மிஞ்சும் கடைசி வரியில்தான் ‘நாம்’ என்று எழுத முடியும்.