பினாங்கில் பறவை பார்க்க ஒரு நூலும் ஒரு செயலியும்

பினாங்கில் பறவை பார்க்கத் தொடங்குகிறவர்கள் எந்த நூலை வாங்கலாம் என்று கேட்டால், அலன் ஜெயராஜசிங்கமும் ஆலன் பியர்சனும் உருவாக்கிய தீபகற்ப மலேசியா, சிங்கப்பூர்ப் பறவைகளுக்கான கள வழிகாட்டியைத்தான் சொல்வேன். ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழக அச்சகம் 1999இல் வெளியிட்ட இந்த ஆங்கில நூலின் இரண்டாம் பதிப்பு 2012இல் வந்தது.

தமிழ்நாட்டிலிருந்து உறவினர் வாங்கிவந்த இந்தியப் பறவை நூல்கள் நம்மில் சிலரது வீட்டில் இருக்கும். நல்ல நூல்களே ஆயினும், இங்கே அவை பாதி வழியில் கைவிட்டுவிடும். மின்கம்பியில் அமர்ந்து, தும்பியைக் கண்டதும் பாய்ந்து பிடித்து, மீண்டும் அதே கம்பிக்குத் திரும்பும் நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான் நமக்குப் பழக்கமான பறவை. இந்திய நூலில் அதைத் தேடுகிறவர் நீலவால் பஞ்சுருட்டானில் போய் நிற்பார். முன்னதற்கு உச்சியும் பிடரியும் செம்பழுப்பு, தொண்டை நீலம். பின்னதற்கு உச்சி பச்சை, தொண்டை செம்பழுப்பு. நீலத்தொண்டையின் இளம் பறவைக்கும் உச்சி பச்சையாகவே இருக்கும் என்பதால், தலையை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. இத்தகைய நுணுக்கங்களுக்குப் புகைப்படத்தைவிட ஓவியமே உதவும், ஏனெனில் புகைப்படத்தில் அன்றைய வெயிலும் நிழலும் நிறத்தை மாற்றிவிடுகின்றன. பியர்சனின் ஓவியங்களை நான் பெரிதும் மதிப்பது இதனால்தான். நூல் தடிமனானது, விலையும் குறைவன்று.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் இலவசமாகத் தரும் மெர்லின் செயலி, நூலால் இயலாத ஒன்றைச் செய்கிறது: கேட்கும் குரலை வைத்துப் பறவையின் பெயரைச் சொல்கிறது. நம் வட்டாரத்துக்குரிய தொகுப்பை வீட்டிலேயே பதிவிறக்கிக்கொண்டால், இணையம் எட்டாத பினாங்கு மலைப் பாதையிலும் அது வேலை செய்யும். தண்ணீர்மலைப் பூந்தோட்டத்தில் இலைகளுக்குள் மறைந்து கூவும் மாங்குயிலின் பெயர் திரையில் ஒளிரும்போது, அதுவரை வெறும் இரைச்சலாக இருந்த காலைப்பொழுதில் ஒவ்வொரு குரலும் தனித்தனியே பிரிந்து கேட்கத் தொடங்குகிறது. ஆயினும் அது தருவது ஓர் ஊகம் மட்டுமே. துடுப்புவால் கரிச்சான் பிற பறவைகளின் குரலை அப்படியே எடுத்துக் கூவக்கூடியது. பறவையைக் கண்ணால் காணாமல், செயலி சொன்ன பெயரைக் குறிப்பேட்டில் ஏற்றுவது சரியன்று.

செபராங் பிறையின் தெலுக் ஆயர் தாவார் சேற்றுவெளிக்கு வலசை வரும் உள்ளான்களிடம் செயலியின் செவி அவ்வளவாக எடுபடாது. தொலைவில், குளிர்காலச் சாம்பல் நிறத்தில், ஒன்றைப்போலவே மற்றொன்று நிற்கும் அந்தக் கூட்டத்தைப் பிரித்தறிய நூலோடு அனுபவசாலி ஒருவரும் அருகில் இருக்க வேண்டும். அதற்கு, 1940இல் தொடங்கப்பட்ட மலேசிய இயற்கைக் கழகத்தின் பினாங்குக் கிளையை அணுகலாம். கையில் பணமில்லாத மாணவர்கள் செயலியோடு தொடங்கி, நூலைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். பெற்றோர் வாங்கித்தருவதாக இருந்தால் இரண்டாம் பதிப்பையே கேட்டு வாங்குங்கள்.