வெள்ளைப் பொடி எதற்கென்று சொல்லாத டை அண்ட் டை பெட்டி

கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்காக இணையத்தில் வாங்கிய டை அண்ட் டை பெட்டியை, அதாவது துணியை முறுக்கிக் கட்டிச் சாயமேற்றுவதற்கான பெட்டியை, இரண்டு நாள் இடைவெளியில் இருமுறை பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். முதல் முறை கிடைத்ததை மட்டும் வைத்து எழுதியிருந்தால் ஒரு நட்சத்திரத்துக்கு மேல் கொடுத்திருக்க மாட்டேன்.

849 ரூபாய்ப் பெட்டிக்குள் அடியில் சாயப்பொடி நிரப்பிய ஐந்து பிளாஸ்டிக் புட்டிகள், ரப்பர் பேண்டுகள், கையுறைகள், மேசை விரிப்பு, பெயர் எதுவும் அச்சிடாத ஒரு வெள்ளைப் பொடிப் பொட்டலம் ஆகியவை இருந்தன. கட்டு, ஊற்று, காத்திரு, துவை என்று நான்கு படங்கள் போட்ட துண்டுத்தாளில் அந்த வெள்ளைப் பொடியை எப்போது சேர்ப்பது என்ற குறிப்பே இல்லை. சலவைத்தூளாக இருக்கும் என்று எண்ணிக் கடைசி அலசலில் கரைத்தோம். நீலம் முழுக்க வாளித் தண்ணீரோடு போய்விட, சட்டையில் சோப்புக் கறை போன்ற வெளிறிய தடம் மட்டுமே எஞ்சியது.

அந்தப் பொடி சோடா ஆஷ், அதாவது சோடியம் கார்பனேட். இத்தகைய பெட்டிகளில் வருபவை பருத்தி இழையோடு வேதிப் பிணைப்பு கொள்ளும் ரியாக்டிவ் சாயங்கள், பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் 1956இல் புரோசியான் என்ற பெயரில் இவ்வகையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கொதிக்க வைக்காமலே துணியில் பிடித்துக்கொள்வதுதான் இவற்றின் சிறப்பு என்றாலும், துணியில் போதிய காரத்தன்மை இருந்தால்தான் அந்தப் பிணைப்பு உண்டாகும். எனவே சாயம் ஊற்றுவதற்கு முன்பே சட்டை சோடாக் கரைசலில் ஊறியிருக்க வேண்டும். ஆப்பச் சோடாவுக்கு அவ்வளவு காரம் கிடையாது என்பதால், சமையலறையிலிருந்து அதை எடுத்துப் போட்டு ஈடுகட்ட முடியாது.

இரண்டாம் முறை தனியாக வாங்கிய சோடா ஆஷை நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கோப்பை வீதம் கரைத்து, சட்டைகளை இருபது நிமிடம் ஊறவைத்துப் பிழிந்தோம். நடுநெஞ்சில் துணியைக் கிள்ளிப் பிடித்து, தேன்குழல் சுற்றுவதுபோல் முறுக்கிக்கொண்டே வந்தால் ஒரு தட்டையான வட்டம் கிடைக்கும். அதன்மேல் மூன்று ரப்பர் பேண்டுகளைக் குறுக்காக மாட்டினால் ஆறு கூறுகளாகப் பிரியும். புட்டியின் கூர்மூக்கை மடிப்புக்குள் செருகிப் பிழிய வேண்டும், மேலாக ஊற்றினால் உள்மடிப்பு வெள்ளையாகவே நின்றுவிடும். மஞ்சளுக்குப் பக்கத்தில் ஊதாவை வைத்த என் மகளின் சட்டையில் அவ்விரண்டும் கலந்த இடம் சேற்று நிறமானது. நிறங்களை எந்த வரிசையில் வைப்பது என்று ஒரு வரி எழுதியிருந்தால் அது நேர்ந்திருக்காது. குளிர் நாடுகளில் ஒரு முழு நாள் வைக்கச் சொல்வார்கள், நம் மே மாத வெக்கையில் ஈரம் காயாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஓர் இரவு வைத்ததே போதுமானதாக இருந்தது. மறுநாள் கட்டோடு குளிர்ந்த நீரில் அலசி, பிறகு அவிழ்த்து வெந்நீரில் துவைத்தபோது சுருள் அப்படியே நின்றது. ஆறு முறை துவைத்த பின்னும் அடர்த்தி குறையவில்லை, உடன் போட்ட வெள்ளைத் துண்டிலும் சாயம் ஏறவில்லை. ஆகவே சாயத்தின் தரத்தில் எனக்குக் குறை இல்லை.

‘காட்டன்’ என்று சொல்லி விற்கப்பட்ட ஒரு சட்டை மட்டும் மங்கலாகவே வந்ததற்குப் பெட்டியைக் குற்றம் சொல்ல முடியாது. அதன் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்தியபோது, காகிதம்போல் எரிந்து சாம்பலாவதற்குப் பதிலாக உருகிக் கடுகளவு கெட்டி மணியாக உறைந்தது. பாலியெஸ்டர் கலந்த துணி. நல்ல பருத்திச் சட்டையிலும் கழுத்துத் தையல் வெள்ளையாகத் தெரிவதற்குத் தைத்த நூல் பாலியெஸ்டராக இருப்பதே காரணம்.

‘எட்டுச் சட்டைகளுக்குப் போதும்’ என்பது குழந்தைச் சட்டைகளுக்கே பொருந்தும், பெரியவர்களுடையது என்றால் நான்கைத் தாண்டாது. கையுறைகளில் ஒன்று மாட்டும்போதே கிழிந்ததால் என் நகங்கள் நான்கு நாள் நீலமாக இருந்தன. கரைத்த சாயம் தண்ணீரோடே வினைபுரிந்து சில நாட்களில் வீரியம் இழந்துவிடும் என்பதையும் தாளில் சொல்லவில்லை. மீந்த சிவப்பை இரண்டு வாரம் கழித்துக் கைக்குட்டையில் இட்டபோது ஒரே அலசலில் போய்விட்டது. மேலட்டையில் மதுரைச் சுங்குடிபோல் பொடிப் புள்ளிகள் நிறைந்த சட்டையை அச்சிட்டிருப்பதுதான் எல்லாவற்றிலும் நியாயமற்றது, அந்தப் புள்ளிகள் நூலால் ஒவ்வொன்றாக முடிச்சிட்டு வருபவை, இந்த ரப்பர் பேண்டுகளால் ஆகிற வேலையில்லை.

பொடியை அளந்து கொட்டும்போது தூள் பறந்து மூக்கில் ஏறும் தொல்லை, புட்டியிலேயே அடைத்துத் தருவதால் இல்லை. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதற்காகவே முதல் பெட்டியை வாங்கலாம். மூன்று நட்சத்திரம் தருகிறேன். காலிப் புட்டிகளைக் கழுவி வைத்திருக்கிறேன். அடுத்த முறை சாயப்பொடியையும் சோடா ஆஷையும் மட்டும் தனித்தனியாக வாங்கிக்கொள்வேன்.