சி.என்.சி. மெஷினா, லேத் பாஸுக்குச் சம்பளமா? ஒரு ஹட்டன் பட்டறையின் கணக்கு

ஹட்டன் பக்கத்துத் தேயிலை ஸ்டோர்களுக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு, உதிரிப்பாகம் கடைந்து கொடுக்கும் பட்டறை எங்களுடையது. இரும்பைச் சுழற்றிக் கடையும் பழைய லேத் இரண்டு, ஒரு மில்லிங், வெல்டிங் செட், அவ்வளவுதான். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தது, லீசிங்கும் கிடைக்கும் என்றார்கள். அதை எதில் போடுவது என்று யோசித்தபோது இரண்டு வழிகள் தெரிந்தன. ஒன்று, ரிகண்டிஷன் ஜப்பான் சி.என்.சி. லேத், அதாவது கம்பியூட்டர் புரோகிராமில் தானாக ஓடும் லேத் வாங்குவது. இன்னொன்று, இருக்கிற லேத்துக்கு டூல் நிற்கும் அளவைத் திரையில் காட்டும் டிஜிட்டல் ரீட்அவுட் மாட்டி, லேத்தை ஓட்டும் பாஸின் (கைதேர்ந்த தொழிலாளியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) சம்பளத்தை மரியாதையான அளவுக்கு உயர்த்துவது. நான் இரண்டாவதைச் செய்தேன். அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரே அளவில் 200 புஷ் (ஷாஃப்டைச் சுற்றி உட்காரும் வளையம்) வேண்டுமென்றால் சி.என்.சி.க்கு முன்னால் எங்கள் லேத் நிற்காது. முதல் புஷ்ஷும் கடைசிப் புஷ்ஷும் ஒன்றாகவே இருக்கும். டேப்பர், வளைவு, திரெட் எல்லாம் ஒரே மூச்சில் முடியும். இதில் வாதாட ஒன்றுமில்லை.

ஆனால் எங்கள் வாசலுக்கு 200 புஷ் வருவதில்லை. சாக்கில் சுற்றிய ஒரே ஒரு ஷாஃப்ட்தான் வரும், அதுவும் பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகு. கொழுந்து குவிகிற ஏப்ரல், மே மாதங்களில் ஒரு ரோலர் நின்றால் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் போனைக் கீழே வைக்கமாட்டார். வாட்டத்துக்குப் போட்ட கொழுந்தை 12 முதல் 18 மணி நேரத்துக்குள் உருட்டுக்கு எடுத்தாக வேண்டும். பட்டறை வேலை முடியட்டும் என்று அது காத்திருக்காது.

என் முடிவைத் தீர்மானித்தது செட்டிங், அதாவது வெட்டுவதற்கு முன்னால் மெஷினைத் தயார் செய்வது. சி.என்.சி.யில் வெட்டுகிற நேரம் நிமிடக் கணக்குதான். அதற்கு முன்னால் புரோகிராம் எழுத வேண்டும், டூல்களை ஏற்றி ஒவ்வொன்றின் முனை எங்கே நிற்கிறது என்று ஆஃப்செட் எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் பீஸைப் பிடிக்கும் சாஃப்ட் ஜாவைக் கடைய வேண்டும், முதல் பீஸை வெட்டி அளந்து ஆஃப்செட்டைத் திருத்த வேண்டும். 200 பீஸ் என்றால் இந்த நேரமெல்லாம் 200-ஆகப் பிரிந்து காணாமல் போய்விடும். ஒரு பீஸ் என்றால் மொத்தமும் அதன் தலையில்தான் விழும். எங்களிடம் வருவதில் முதல் பீஸே கடைசிப் பீஸ், வீணாக்கிப் பார்க்க இன்னொன்று கிடையாது.

சரி, அந்தச் செட்டிங்கை யார் செய்வது? "பட்டனை அமுக்கத் தெரிந்தால் போதும், ஓ.எல். முடித்த பையன் ஒருவன் காணும்" என்றார் மெஷின் விற்க வந்தவர். பட்டனை அமுக்குவதற்கு அது சரிதான். முதல் கட்டமாக மொத்தமாய் வெட்டித் தள்ளும் ரஃபிங் சைக்கிளுக்கு ஜி71 என்ற கட்டளையை எழுதுவதைக்கூடச் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆனால் எங்கே பிடிப்பது, எந்த இன்சர்ட் (வெட்டும் முனை), எவ்வளவு ஃபீட் (டூலை நகர்த்தும் வேகம்) என்பது இரும்போடு பழகியவருக்குத்தான் தெரியும். ஆக, சி.என்.சி. வாங்கினாலும் பாஸ் வேண்டும், பாஸுக்கு நல்ல சம்பளமும் வேண்டும், அதற்கு மேல் லீசிங் தவணையும் கட்ட வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு ட்ரையர் ஃபேன் ஷாஃப்ட். பெயரிங் உட்காரும் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள இடம் தேய்ந்து, வெல்டிங்கால் நிரப்பிக் கொண்டுவந்திருந்தார்கள். பெயரிங் ஆடாமல் இறுக்கமாக உட்காரும் கே6 ஃபிட் என்றால் 50.002-க்கும் 50.018-க்கும் நடுவில் நிறுத்த வேண்டும். மொத்தமே 0.016 மில்லி இடம். பாஸ் அதை நாலு ஜா சக்கில் மாட்டி, தேயாத பகுதியில், ஷாஃப்ட் நடுவில் சுற்றுகிறதா என்று ஊசியால் காட்டும் டயல் கேஜை வைத்து, ஊசி ஆடாமல் நிற்கும்வரை ஒவ்வொரு ஜாவாகத் தளர்த்தி இறுக்கினார். வெல்டிங் போட்ட இடம் எங்கும் ஒரே கடினமாக இருக்காது. வெட்டுகிற சத்தம் மாறியதுமே கை ஃபீடுக்குப் போனது. 0.3 மில்லி மிச்சம் வைத்து, மெஷினை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஸ்டோரிலிருந்து வந்தவர் தவியாய்த் தவித்தார். ஆனால் காரணம் இருக்கிறது. சூடேறிய ஷாஃப்ட் அறை வெப்பத்தைவிட 40 பாகை கூடுதலாக இருந்தால் 50 மில்லி விட்டம் சுமார் 0.023 மில்லி பெருத்திருக்கும். எங்களுக்கு இருக்கும் மொத்த இடத்தையும்விட அது அதிகம். சூட்டோடு அளந்து வெட்டினால் ஆறியதும் பெயரிங் லூஸாகிவிடும். ஆறிய பிறகு மைக்ரோமீட்டர் போட்டு, மிச்சத்தை இரண்டு சமமான வெட்டாகப் பிரித்தார். முதல் வெட்டில் டூல் எவ்வளவு விலகிக் கொடுக்கிறது என்று பார்த்து, இரண்டாவதை அதற்கேற்பப் போட்டார். இதே கவனத்தை சி.என்.சி.யில் நின்றும் காட்டலாம். அதற்கும் இதே ஆள்தான் வேண்டும்.

டிஜிட்டல் ரீட்அவுட் உதவுவது இந்த மாதிரி வேலைக்குத்தான். பழைய லேத்தில் ஸ்க்ரூ தேய்ந்திருக்கும், கைப்பிடியைத் திருப்பினால் கொஞ்ச தூரம் வெறுமனே சுற்றும். ஸ்கேல் ஸ்லைடிலேயே பொருத்தப்பட்டிருப்பதால் அந்த ஆட்டம் கணக்கில் சேராது. டூல் நிற்கிற இடம் அப்படியே திரையில் தெரியும். ஒரு பட்டனில் அங்குலத்துக்கும் மாறும். வெள்ளைக்காரன் காலத்து மெஷின்களில் அளவெல்லாம் அங்குலம்தானே, விட்வர்த் 55 பாகை திரெட் இன்னும் எங்களிடம் வருகிறது. 1854-இல் ஜோன் வோக்கர் கண்டியில் பட்டறை தொடங்கியது கோப்பி மெஷின்களுக்காக. அந்த அளவுகோல் மலைநாட்டை விட்டு இன்னும் போகவில்லை.

பராமரிப்பைப் பற்றி நான் அதிகம் பேச முடியாது. சொந்தமாக சி.என்.சி. வைத்து ஓட்டியதில்லை, வைத்திருக்கும் நண்பர்கள் சொன்னதுதான். கன்ட்ரோலில் ஒரு மெமரி பேட்டரி இருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்தில் அது தீர்ந்தால் பராமீட்டர்கள் அழிந்துவிடும். அதனால் ஃபானுக் போன்ற கம்பெனிகளின் கன்ட்ரோல்களில் மெஷின் ஆனில் இருக்கும்போதே பேட்டரியை மாற்றச் சொல்கிறார்கள். 2022-இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் போனது. எங்கள் லேத் நின்றது, கரண்ட் வந்ததும் ஓடியது.

அப்புறம் சம்பளம். தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபா, 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. அடிப்படையை இதற்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஓ.டி.யில் ஈடுகட்டும் வழக்கம் நம் பக்கம் உண்டு. ஓ.டி. ஒன்றரை மடங்கு, மாதக் கடைசியில் கைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஓ.டி.க்கு ஈ.பி.எஃப். சேராது. அதனால் நான் அடிப்படையையே கூட்டினேன். 20,000 கூட்டினால் முதலாளி பங்கு ஈ.பி.எஃப். 12 வீதம், ஈ.டி.எஃப். 3 வீதம் சேர்த்து மாதம் 23,000, வருடத்துக்கு 276,000 ரூபா. எனக்குச் சொன்ன லீசிங் தவணையில் இந்தத் தொகை மூன்று மாதம்கூடத் தாங்காது. பாஸ் அந்த நேரம் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து வைத்திருந்தார். "அந்த மெஷினுக்குக் கட்டுற காசுல கால்வாசி எனக்குக் குடுத்தா நான் ஏன் தம்பி கட்டாருக்குப் போறேன்?" என்று கேட்டார். கணக்குப் பார்த்தால் கால்வாசியைவிடக் குறைவாகத்தான் வந்தது.

சி.என்.சி. பக்கம் ஒரு பலமான நியாயம் உண்டு, அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பையன்கள் லேத்துக்கு வருவதில்லை. தொழிற்பயிற்சி அதிகார சபையிலோ நைட்டா என்ற அரச பயிற்சி நிறுவனத்திலோ என்.வி.கியூ. தொழில் தகைமை 3, 4 எடுத்து வருகிறவன் முதலில் கேட்பது "சி.என்.சி. இருக்கா அண்ணன்?" என்பதுதான். அவன் கேட்பதில் தப்பில்லை. நாளைக்கு பல்லேகலையிலோ பியகமையிலோ உள்ள பெரிய தொழிற்சாலைகளில் வேலை தேடும்போது அந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும். பாஸுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சம்பள உயர்வோடு ஒரு நிபந்தனையும் வைத்தேன்: பக்கத்தில் ஒரு பையனை நிறுத்தி, டயல் கேஜை அவன் கையிலும் கொடுக்க வேண்டும். ஒருவன் வந்திருக்கிறான், நிலைப்பானா என்று இப்போதே சொல்ல முடியாது.

உங்களுக்கு வரும் வேலையில் பாதிக்கு மேல் திரும்பத் திரும்ப வரும் பாகங்கள் என்றால் என் கணக்கு பொருந்தாது, மெஷினையே வாங்குங்கள். எங்களுக்கு எப்போதாவது அப்படி வந்தால் கொழும்பில் ஒரு சி.என்.சி. கடைக்கு அனுப்பி, லொறிக் கூலியைச் சேர்த்து பில் போடுகிறேன். பெருந்தோட்டக் கம்பெனி ஏதாவது தன் எல்லா ஸ்டோர்களுக்கும் சேர்த்து வருட ஓடர் தந்தால் அந்த வாரமே ஒரு சி.என்.சி. பார்க்கக் கிளம்புவேன், பாஸையும் கூட்டிக்கொண்டு.